பேட்ச் ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், நண்பர் ஒருவர் வீட்டு மாடியில், மாதம் இரண்டு ஞாயிறு நாங்கள் எட்டுப் பத்துப் பேர் கூடுகிறோம். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள் வருகிறார்கள். கோலார் தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துக் கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றுக்கு ஒரு பேட்சாவது அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. நிரல் எழுதுவதில் பெரிய தடங்கல் இல்லை. எழுதி முடித்து, சோதித்து, அனுப்பப் போகும் நேரத்தில்தான் ‘இதுக்கு என்ன பேர் வைக்கணும் அண்ணா?’ என்று கை நின்றுவிடுகிறது. அப்படிக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு: இந்தப் பக்கத்தில் ஃபைல் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ஏன் என்பதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

பேட்ச் ஃபைல் என்றால் சரியாக என்ன?

பழைய நிரலுக்கும் நீங்கள் திருத்திய நிரலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்திருக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. வித்தியாசத்தை எடுத்துக் கொடுக்கும் டிஃப் என்ற கருவி 1970களின் முற்பாதியில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்காக எழுதப்பட்டது. அந்த வித்தியாசத்தை இன்னொருவர் கணினியில் உள்ள நிரலில் ஏற்றிக் கொடுக்கும் பேட்ச் கருவியை, பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் 1985இல் வெளியிட்டார். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியை 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். அது வந்த பிறகும் ஃபைலின் அடிப்படை வடிவம் அதேதான்.

தையல்கடையில் ஒட்டுப்போட வெட்டி வைத்த துணியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டைக்கு, எந்த இடத்துக்கு என்று அதில் ஒரு சீட்டுக் குத்தியிருக்கும். சீட்டு விழுந்துவிட்டால், பத்துச் சட்டை குவிந்து கிடக்கும் மேசையில் அந்தத் துண்டை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். பேட்ச் ஃபைலின் பெயர்தான் அந்தச் சீட்டு.

இப்போதெல்லாம் புல் ரிக்வெஸ்ட் இருக்கிறதே, ஃபைலாக யார் அனுப்புகிறார்கள்?

புல் ரிக்வெஸ்ட் என்பது கிட்ஹப் போன்ற தளத்திலேயே மாற்றத்தைக் காட்டி, சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது. அது இருந்தும் நிறையப் பேர் ஃபைலாக அனுப்புகிறார்கள். லினக்ஸ் கெர்னல், கிட், போஸ்ட்கிரெஸ், பில்ட்ரூட் இவையெல்லாம் இன்றும் பேட்சை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்கின்றன. டெபியன், ஜென்டூ, ஃபெடோரா, ஃப்ரீபிஎஸ்டி போன்றவை வேறொருவர் எழுதிய மென்பொருளைத் தங்கள் அமைப்புக்கு ஏற்றபடி மாற்றித் தருகின்றன. அந்த மாற்றங்களைத் தனித்தனி பேட்ச் ஃபைல்களாகத்தான் வைத்திருக்கின்றன. அலுவலகத்தில் நீங்கள் யாக்டோ வைத்து ஏதாவது கருவிக்கு லினக்ஸ் கட்டினால், அங்கேயும் பேட்ச் ஃபைல்தான்.

கிட்ஹப்பிலேயே வேலை செய்கிறவர்களுக்கும் இது வேண்டியிருக்கிறது. ஒரு புல் ரிக்வெஸ்டின் முகவரிக்குப் பின்னால் ‘.பேட்ச்’ என்று சேர்த்துப் பாருங்கள், அந்த மாற்றம் முழுவதும் ஒரே பேட்ச் கோப்பாக வந்து நிற்கும். அப்புறம், பிராஞ்சுக்கு, அதாவது நிரலின் தனிக் கிளைக்கு, பெயர் வைப்பதற்கும் இதே யோசனைதான். இங்கே கற்றுக்கொண்டது அங்கே வீணாகாது.

எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டா?

கிடையாது. ஒரு திட்டத்தில் கட்டாயமாக இருப்பது இன்னொன்றில் தவறாகவே ஆகிவிடும். ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் புரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேர்ட்பிரஸில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு டிக்கெட் எண் உண்டு. டிக்கெட் எண் 12345 என்றால் பேட்சின் பெயர் ‘12345.டிஃப்’, அவ்வளவுதான். ஃபைல் அந்த டிக்கெட்டின் கீழேயே தொங்கப்போகிறது, விவரமெல்லாம் மேலே எழுதியிருக்கிறது, பெயரில் வேறு எதற்கு விளக்கம்? அதே பெயரில் இரண்டாவது ஃபைலை ஏற்றினால் அந்த அமைப்பே ‘12345.2.டிஃப்’ என்று எண் போட்டுவிடும்.

ஹடூப்பில் பல ஆண்டுகள் இருந்த வழக்கம் வேறு. ‘ஹடூப்-1234.001.பேட்ச்’ என்று பிழையின் எண்ணும் எத்தனையாவது முயற்சி என்ற எண்ணும் இருக்கும். முதன்மை பிராஞ்சுக்கு இல்லாமல் பழைய பிராஞ்சுக்கான திருத்தம் என்றால், ‘ஹடூப்-1234-பிராஞ்ச்-2.001.பேட்ச்’ என்று பிராஞ்சின் பெயர் நடுவில் வரும். இதை முதலில் படித்தது மனிதர் இல்லை, ஒரு சோதனை நிரல். பெயரில் பிராஞ்ச் இருந்தால் அந்த பிராஞ்சில் ஏற்றிச் சோதிக்கும், இல்லாவிட்டால் முதன்மை பிராஞ்ச் என்று எடுத்துக்கொள்ளும். பெயரைத் தப்பாக வைத்தால் நல்ல பேட்சும் தப்பான இடத்தில் ஏறித் தோற்றுப்போகும்.

துருபல் பேட்ச் ஃபைலிலிருந்து மெர்ஜ் ரிக்வெஸ்டுக்கு மாறுவதற்கு முன்னால் வைத்திருந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். திட்டத்தின் பெயர், சிறு விளக்கம், பிழையின் எண், எந்தக் கருத்தோடு இணைக்கப்படுகிறதோ அந்தக் கருத்தின் எண், இந்த நான்கும் ஹைஃபனால் சேர்ந்து ஒரு பெயர். கடைசி எண்ணை வைத்தே அந்த உரையாடலில் எந்த இடத்தில் இந்தத் திருத்தம் பிறந்தது என்று போய்ப் பார்த்துவிடலாம். சோதனை நிரல் தொடக் கூடாது என்றால் பெயரின் முடிவில் ‘டு-நாட்-டெஸ்ட்’ என்று சேர்ப்பார்கள்.

ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸில் பெயர் முழுக்க வேறு மாதிரி. எந்தக் கோப்பைத் திருத்துகிறதோ அந்தக் கோப்பின் பாதையே பேட்சின் பெயர். ‘பேட்ச்-’ என்று தொடங்கி, பாதையில் வரும் சாய்கோடுகளை அடிக்கோடாக மாற்றி எழுதுவார்கள்: ‘பேட்ச்-எஸ்ஆர்சி_மெயின்.சி’. மூல மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது எந்தத் திருத்தம் ஒட்டவில்லை என்று பார்க்கிறவருக்கு, எந்தக் கோப்பு என்பதுதானே முதலில் தெரிய வேண்டும்.

ஜென்டூவில் தொகுப்பின் பெயர், பதிப்பு எண், எதற்கான திருத்தம் என்ற வரிசை. ஒரே அடைவில் பல பதிப்புகளுக்கான பேட்சுகள் சேர்ந்து கிடப்பதால் பதிப்பு எண் தேவைப்படுகிறது.

திட்டத்தின் ஆவணத்தில் ஒன்றுமே சொல்லவில்லை என்றால்?

கடைசியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பத்துப் பேட்சுகளைத் திறந்து பாருங்கள். எழுதி வைக்காத வழக்கம் அங்கே தெரியும். கவனம், ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றைப் பாருங்கள். வந்து குவிந்து கிடப்பவற்றைப் பார்த்தால் உங்களைப் போலவே தெரியாமல் அனுப்பியவர்களின் பெயர்களைப் பின்பற்றுவீர்கள்.

அதிலும் ஒரு ஒழுங்கு தெரியவில்லையா, சரி, நீங்களே வைத்துக்கொள்ளலாம். நான் வைப்பது இப்படி: திட்டத்தின் பெயர், பிழையின் எண், மூன்று நான்கு சொல்லில் விளக்கம், எத்தனையாவது பதிப்பு. எல்லாம் சிறிய எழுத்தில், நடுவில் ஹைஃபன். பிழை எண் இல்லாவிட்டால் அதை விட்டுவிடுவேன். விளக்கத்தை ஒருபோதும் விட மாட்டேன்.

ஏன் என்றால், திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் அந்த ஃபைலைத் தரவிறக்கியதும் அது போய் விழும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அவருடைய டவுன்லோட்ஸ் அடைவில் உங்கள் ஃபைல் மட்டும் இருக்காது. மின்சாரக் கட்டண ரசீது, குழந்தையின் பள்ளிப் படிவம், வேறு நாற்பது பேர் அனுப்பிய பேட்ச், எல்லாம் அங்கேதான். அதில் ‘ஃபிக்ஸ்.பேட்ச்’ என்று நான்கு ஃபைல் இருந்தால், பெரும்பாலும் சம்பளமில்லாமல் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து படிக்கிற அந்த மனிதர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். நல்ல பெயர் வைக்க உங்களுக்கு அரை நிமிடம் போதும்.

கிட் தானாகவே பெயர் வைத்துவிடுகிறதே, நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

கிட் பெயரைச் சொந்தமாக யோசித்து வைப்பதில்லை. ஒரு மாற்றத்தைக் கிட்டில் பதிவு செய்யும்போது (அதுதான் கமிட்) நீங்கள் எழுதிய செய்தியின் முதல் வரியைத்தான் எடுத்துக்கொள்கிறது. ‘கிட் ஃபார்மேட்-பேட்ச்’ கட்டளை கொடுத்தால், முதல் வரியில் உள்ள ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு இவற்றை வைத்துக்கொண்டு, இடைவெளி, முக்காற்புள்ளி போன்ற மற்றதையெல்லாம் ஹைஃபனாக மாற்றி, முன்னால் 0001 என்று எண் சேர்த்து, பின்னால் ‘.பேட்ச்’ போட்டுக் கொடுக்கும். பெயர் மொத்தமும் 64 எழுத்துக்குள் நிற்கும்படி வெட்டிவிடும். நீளம் போதவில்லை என்றால் மாற்றிக்கொள்ள ஆப்ஷன் இருக்கிறது, ஆனால் அது தேவைப்பட்டால் உங்கள் முதல் வரி மிக நீளம் என்று பொருள்.

எங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கவயல் மாணவி ஒருத்தி, தேதியைப் படிக்கும் ஒரு சிறு நூலகத்தில் பிழை கண்டுபிடித்திருந்தாள். பிப்ரவரி 29 என்று கொடுத்தால் மார்ச் 1 என்று திருப்பித் தந்தது. திருத்தம் மூன்றே வரி, சுத்தமாக எழுதியிருந்தாள். கமிட்டின் முதல் வரியைப் பார்த்தேன். ‘அப்டேட்டட் தி கோட் அஸ் பெர் டிஸ்கஷன்’ என்று இருந்தது. ஃபைலின் பெயரும் ‘0001-அப்டேட்டட்-தி-கோட்-அஸ்-பெர்-டிஸ்கஷன்.பேட்ச்’ என்றே வந்து நின்றது. எந்த நிரல், யாரோடு பேசிய பேச்சு, என்ன மாற்றம், ஒன்றும் தெரியவில்லை.

ஃபைலின் பெயரை மட்டும் மாற்றலாமா என்று கேட்டாள். வேண்டாம், முதல் வரியை மாற்று என்றேன். ‘கிட் கமிட் அமெண்ட்’ போட்டு, ‘பார்சர்: அக்செப்ட் ஃபெப் 29 இன் லீப் இயர்ஸ்’ என்று எழுதினாள். மறுபடி ஃபார்மேட்-பேட்ச். இந்த முறை ‘0001-பார்சர்-அக்செப்ட்-ஃபெப்-29-இன்-லீப்-இயர்ஸ்.பேட்ச்’. பெயரைப் படித்ததுமே திருத்தம் என்ன என்று தெரிந்துவிட்டது. பார்சர் பகுதியைக் கவனித்துக்கொள்கிறவர் யாரோ, அவர் தன் வேலை என்று எடுத்துக்கொள்வார்.

எண் ஏன் 0001? வெறும் 1 போதாதா?

பத்து பேட்ச் வரும்வரை போதும். கணினி பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும்போது 1க்கு அடுத்து 10, அதற்கு அடுத்துதான் 2 வரும். பேட்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டியவை, இரண்டாவதற்கு முன்னால் பத்தாவதை ஏற்றினால் ஒட்டாது. முன்னால் சுழியம் சேர்த்து எல்லா எண்ணையும் ஒரே நீளமாக்கிவிட்டால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடும்.

போஸ்ட்கிரெஸ் திட்டத்தில் இது இன்னும் முக்கியம். அங்கே வரும் பேட்சுகளைத் தானாக எடுத்துச் சோதிக்கும் நிரல், இணைப்பில் உள்ள ஃபைல்களைப் பெயர் வரிசைப்படிதான் ஏற்றும். பில்ட்ரூட்டும் ஓர் அடைவில் உள்ள பேட்சுகளைப் பெயர் வரிசையில் ஏற்றுகிறது. டெபியன் மட்டும் இதில் வேறு. ‘சீரிஸ்’ என்று தனியாக ஒரு ஃபைல் வைத்து, எது முதலில் எது பின்னால் என்று அதில் வரிவரியாக எழுதிவிடுவார்கள். அதனால் அங்கே பெயரில் எண் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ரிவ்யூவுக்குப் பிறகு திருத்தி அனுப்பும்போது அதே பெயரில் அனுப்பலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒருவர் பழைய ஃபைலைப் படித்துக் கருத்து எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே பெயரில் புதியது வந்தால், பன்னிரண்டாவது வரி தப்பு என்று அவர் சொல்வது எந்தப் பன்னிரண்டாவது வரியை? ‘கிட் ஃபார்மேட்-பேட்ச்’ கட்டளையோடு ‘-வி2’ என்று கொடுங்கள். ஃபைலின் பெயர் ‘வி2-0001-’ என்று தொடங்கும், உள்ளே சப்ஜெக்ட் வரியிலும் ‘பேட்ச் வி2’ என்று வந்துவிடும். அடுத்த முறை வி3. இதில் இரண்டு எண்கள் இருப்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வி2 என்பது இரண்டாம் முறை அனுப்புவதைச் சொல்கிறது. 0001 என்பது அந்த முறை அனுப்பும் தொகுப்பில் முதலாவது என்பதைச் சொல்கிறது.

எனக்கு நேர்ந்த ஒன்று. ஐந்து பேட்ச் கொண்ட தொகுப்பு ஒன்றை ஒரு திட்டத்துக்கு அனுப்பியிருந்தேன். கருத்துகள் வந்தன, திருத்தினேன், வி2 எடுத்தேன். பழைய ஃபைல்களும் அதே அடைவில் இருந்ததைக் கவனிக்கவில்லை. ‘கிட் சென்ட்-இமெயில்’ என்று அடித்து, பின்னால் நட்சத்திரக் குறி போட்டு, ‘.பேட்ச்’ என்று முடியும் எல்லாவற்றையும் அனுப்பு என்று சொல்லிவிட்டேன். எழுத்து வரிசையில் எண்கள் ஆங்கில எழுத்துகளுக்கு முன்னால் வரும். அதனால் முதலில் பழைய முகப்புக் கடிதமும் (தொகுப்பை அறிமுகப்படுத்தும் ஃபைல்) பழைய ஐந்து பேட்சும் போயின, பிறகு புதிய ஆறும் போயின. பன்னிரண்டு மின்னஞ்சல். கொரமங்களாவில் பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தபோது மெயின்டெய்னரின் பதில் வந்தது. இதில் நான் எதைப் படிக்க வேண்டும் என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். இடம் வரும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அடைவு. ஃபார்மேட்-பேட்சுக்கு ‘-ஓ’ என்ற ஆப்ஷனில் அடைவின் பெயரைக் கொடுத்தால் ஃபைல்கள் நேராக அங்கே போய்விடும். அனுப்புவதற்கு முன்னால் ‘ட்ரை-ரன்’ போட்டுப் பார்க்கிறேன், உண்மையில் அனுப்பாமல், எதெல்லாம் போகும் என்று மட்டும் அது காட்டும்.

இன்னொரு விஷயம். வி1க்கும் வி2க்கும் என்ன மாறியது என்று தனியாக எடுத்து அனுப்பினால் படிப்பவருக்குப் பெரிய உதவி. அதற்கு ‘இன்டர்டிஃப்’ என்று பெயர். துருபலில் அதை ‘.டிஎக்ஸ்டி’ என்று முடியும்படி வைத்தார்கள், சோதனை நிரல் அதையும் பேட்ச் என்று நினைத்து ஏற்றிப் பார்த்துவிடக் கூடாதே.

0000 என்று தொடங்கும் ஃபைல் எதற்கு?

முகப்புக் கடிதம். ‘0000-கவர்-லெட்டர்.பேட்ச்’ என்று கிட் வைக்கும் பெயரை அப்படியே விட்டுவிடுங்கள். வரிசையில் அது முதலில் வர வேண்டும், 0000 அதற்குத்தான். உள்ளே தலைப்புக்கும் விளக்கத்துக்கும் கிட் விட்டிருக்கும் இடத்தை நிரப்ப மறக்காதீர்கள். ஒரே ஒரு பேட்ச் என்றால் முகப்புக் கடிதமே வேண்டாம்.

‘.பேட்ச்’ என்று முடிக்க வேண்டுமா, ‘.டிஃப்’ என்றா?

உள்ளே இருப்பதைப் பொறுத்து. யார் எழுதியது, எப்போது, எதற்காக என்ற தலைப்பு விவரங்களோடு ஃபார்மேட்-பேட்ச் எடுத்துக் கொடுத்தது என்றால் ‘.பேட்ச்’. வெறும் வித்தியாசம் மட்டும் என்றால் ‘.டிஃப்’. இது வழக்கம், சட்டம் இல்லை. பேட்ச் கருவி இரண்டையும் ஒரே மாதிரிதான் படிக்கும். யாக்டோ இந்த இரண்டு முடிவுகளில் ஒன்று இருந்தால்தான் தானாக ஏற்றும். போஸ்ட்கிரெஸின் சோதனை நிரலும் இந்த முடிவுகளைத்தான் தேடும். அதனால் அங்கே ஓர் உதாரணத்தையோ யோசனையையோ காட்டத்தான் அனுப்புகிறீர்கள் என்றால் ‘.டிஎக்ஸ்டி’ என்று மாற்றி இணைத்துவிடுங்கள்.

ஜிப் செய்து அனுப்பாதீர்கள். திறந்ததும் படிக்க முடிய வேண்டும்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா?

மனதுக்குப் பிடித்த கேள்வி, நானும் முயன்று பார்த்தவன். கணினி தடுக்காது. இன்றைய லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் தமிழில் ஃபைல் பெயர் வைக்கலாம். பேட்ச் அனுப்பும் வழியில்தான் மூன்று இடத்தில் இடறுகிறது.

முதலாவது கிட். ஃபார்மேட்-பேட்ச் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் மட்டுமே பெயரில் வைத்துக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா? கமிட்டின் முதல் வரியை முழுக்கத் தமிழில் எழுதினால் அதில் வைத்துக்கொள்ள ஒரு எழுத்தும் மிஞ்சாது. ‘0001-.பேட்ச்’ என்று வெறும் எண்ணும் ஹைஃபனும் வரும். மூன்று கமிட் என்றால் ‘0001-.பேட்ச்’, ‘0002-.பேட்ச்’, ‘0003-.பேட்ச்’. உள்ளே தமிழ் செய்தி பத்திரமாக இருக்கும், பெயரில்தான் இருக்காது.

இரண்டாவது நீளம். லினக்ஸில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘பி’ என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, கணினிக்கு ப என்ற குறியும் இகரக் குறியும், ஆக ஆறு பைட். ‘பிழைதிருத்தம்’ என்ற ஒரு சொல்லுக்கே 39 பைட் போய்விடுகிறது.

மூன்றாவதுதான் நயமானது, நம் எழுத்து முறையிலிருந்து வருவது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வழி. ககரத்தோடு ஒற்றைக் கொம்பு, அப்புறம் கால் என்று இரண்டு குறியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட் கணக்கில் இரண்டும் வேறு. மேக்கின் பழைய கோப்பமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தது. ஆக ‘தொகுப்பு’ என்று நீங்கள் வைத்த பெயரை, அதே சொல்லை வேறு கருவியில் தட்டச்சு செய்து ஒருவர் தேடினால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று கணினி சொல்லக்கூடும். கண்ணெதிரே இருக்கும்போதே.

அதனால் என் பதில்: பெயரும் கமிட்டின் முதல் வரியும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பேட்சின் உள்ளே போகும் தமிழைக் குறைக்கவே குறைக்காதீர்கள். சோதனைத் தரவில் தமிழ்ப் பெயர்களைச் சேருங்கள், மேலே சொன்ன ‘கொ’ இரண்டு வடிவத்திலும் வரும்படி ஒரு சோதனை எழுதுங்கள். எத்தனையோ மென்பொருள் தமிழில் இடறுவதற்குக் காரணம், அப்படி ஒரு சோதனையை யாரும் எழுதி அனுப்பவில்லை என்பதுதான்.

மொழிபெயர்ப்பு ஃபைலுக்கு?

அங்கே உங்களுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. மொழியின் குறியீடுதான் பெயர். தமிழுக்கு இரண்டெழுத்துக் குறியீடு டி, ஏ. ‘டிஏ.பிஓ’ என்று இருந்தால்தான் நிரல் கண்டுபிடிக்கும். சில திட்டங்கள் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று நாட்டின் குறியீட்டையும் அடிக்கோட்டுக்குப் பின்னால் சேர்த்து வைத்திருக்கும். ஏற்கெனவே எது இருக்கிறதோ அதையே திருத்துங்கள், பக்கத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். அந்த மாற்றத்தைப் பேட்சாக அனுப்பும்போது முதல் வரியில் தமிழ் மொழிபெயர்ப்பு என்பதைச் சொல்லிவிடுங்கள்.

இடைவெளி, அடைப்புக்குறி இதெல்லாம் வரலாமா?

வேண்டாம். கட்டளை அடிக்கும் ஷெல்லில் இடைவெளி வந்தால் ஒரு பெயர் இரண்டாக உடையும். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள் குறி, சாய்கோடு இவற்றை விண்டோஸ் ஏற்காது. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மட்டும் இரண்டு ஃபைலைப் பிரிக்காதீர்கள், விண்டோஸில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். பிரவுசர் இரண்டாம் முறை தரவிறக்கும்போது அடைப்புக்குள் ஒன்று என்று சேர்த்துவிடும். அந்த ஃபைலையே திருப்பி இணைத்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர், ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

என் பெயரையும் தேதியையும் சேர்க்கலாமா?

இரண்டும் பேட்சின் உள்ளே தலைப்பிலேயே இருக்கின்றன. பெயரில் அந்த இடத்தை விளக்கத்துக்குக் கொடுங்கள். ‘ஃபைனல்’, ‘லேட்டஸ்ட்’, ‘நியூ’ இந்த மூன்று சொல்லையும் எப்போதும் தவிர்த்துவிடுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று வரும்.

லினக்ஸ் கெர்னலுக்கு இணைப்பாகவே அனுப்பக் கூடாது என்கிறார்களே, அப்போது பெயர் எங்கே இருக்கும்?

சரியாகத்தான் சொல்கிறார்கள். கெர்னலுக்கு அனுப்பும் பேட்ச் மின்னஞ்சலின் உடலிலேயே எழுத்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் படிப்பவர் எந்த வரியின் கீழும் தன் கருத்தை எழுத முடியும். உங்கள் கணினியில் இருந்த ஃபைல் பெயர் அங்கே போவதே இல்லை. அதன் வேலையைச் சப்ஜெக்ட் வரி எடுத்துக்கொள்கிறது. சதுர அடைப்புக்குள் பேட்ச் என்ற சொல், பதிப்பு எண், ஏழில் மூன்றாவது என்பது போன்ற வரிசை எண். அடைப்பு முடிந்ததும் எந்தத் துணை அமைப்பு, முக்காற்புள்ளி, என்ன மாற்றம். சுருக்கம் 70 முதல் 75 எழுத்துக்குள் நிற்க வேண்டும் என்பது கெர்னல் ஆவணத்திலேயே உள்ளது.

துணை அமைப்பின் பெயரை ஊகிக்காதீர்கள். நீங்கள் திருத்திய கோப்புக்கு ‘கிட் லாக்’ போட்டுப் பாருங்கள். அந்தக் கோப்பைத் தொட்ட பழைய கமிட்டுகள் எந்த முன்னொட்டோடு தொடங்குகின்றனவோ அதையே எழுதுங்கள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதுவரை அப்படியே.

பாதுகாப்புக் குறை ஒன்றைத் திருத்துகிறேன். பெயரில் அதைச் சொல்லலாமா?

இன்னும் வெளியே தெரியாத குறை என்றால் சொல்லக் கூடாது. பிராஞ்ச் பெயரிலும் கூடாது. முதலில் அந்தத் திட்டம் பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் தனி முகவரிக்கு எழுதுங்கள், பேட்சை அங்கேயே கொடுங்கள். வெளியிடும் நாளை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்த பிறகு, அவர்கள் சொல்லும் பெயரில் அனுப்பலாம். குறைக்கு சிவிஇ எண் (பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) வெளியாகிவிட்டது என்றால் நிலைமை நேர் எதிர். அந்த எண்ணைப் பெயரில் கட்டாயம் போடுங்கள், டெபியனிலும் ஃபெடோராவிலும் பேட்சுகளைப் பராமரிப்பவர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.

தப்பான பெயரில் அனுப்பிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பெயர் தப்பானதால் சோதனை நிரல் எடுக்கவே இல்லை, அல்லது தப்பான பிராஞ்சில் ஏற்றிவிட்டது என்றால், சரியான பெயரில் மறுபடி அனுப்பி, பெயர் மட்டுமே மாறியிருக்கிறது, நிரல் அதேதான் என்று ஒரு வரி எழுதுங்கள். பெயர் அழகாக இல்லை என்பது மட்டும்தான் குறை என்றால் விட்டுவிடுங்கள், வி2 அனுப்பும்போது சரிசெய்துகொள்ளலாம். நீளமான மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள், அதையும் அந்த மெயின்டெய்னர்தான் படிக்க வேண்டும்.

இன்னும் அனுப்பவில்லை, பெயரை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் தயங்காமல் மாற்றலாம். பேட்சை ஏற்றும் ‘கிட் ஏஎம்’ கட்டளை கமிட் செய்தியை ஃபைலின் பெயரிலிருந்து எடுப்பதில்லை, உள்ளே இருக்கும் சப்ஜெக்ட் வரியிலிருந்துதான் எடுக்கிறது. முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் தொடாதீர்கள்.